கணினி திகதி வாசிக்கும் முறை

கெஹெல்கமு ஓயாவின் குறுக்கே எழுந்த அணையினால் நாடறிந்த ஊர் நோட்டன் பிரிட்ஜ். அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், லயத்துக் காம்பராக்களுட் சென்று பார்ப்போர் பழைய தகரப் பெட்டியொன்றைக் காண்பர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதகக் குறிப்பு, தோட்டத்திற் பேர் பதிந்ததற்கான சீட்டு என்பன அதனுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கூரை ஒழுகத் தொடங்கினால் வீட்டார் முதலில் இடம் மாற்றுவது அப்பெட்டியையே. பொன்னும் மணியும் அதில் இல்லை, திகதிகளே உள்ளன.

மலைநாட்டில் ஒரு திகதி ஒருவருடைய நாட்டையே தீர்மானித்த காலம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், மணமானவராயின் 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்தமையைக் காட்டவேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதிற் கூறப்பட்டது. முப்பத்தொன்பது ஆண்டுகள் சென்றபின், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை பெறும் வழியைத் திறந்தது. ஒரு நாள் முன், ஒரு நாள் பின் என்பது இம்மக்களுக்கு வெறுங் கணக்கன்று.

இன்று அத்தகைய தாள்கள் கணினிக்குள் ஏறுகின்றன. அவற்றை ஏற்றும் வேலையும், ஏற்றுதற்கான செய்நிரலை எழுதும் வேலையும் நம் மாணவர் போன்ற இளைஞர் கைக்கு வருகின்றன. ஆதலின் எழுதிய திகதியொன்றைக் கணினி எவ்வாறு வாசிக்கின்றது, எங்கே தவறுகின்றது, தவறாது காப்பது எவ்வாறு என்பவற்றை ஈண்டு எடுத்துக்கூற விழைகின்றோம். எடுத்துக்காட்டுக்குப் பைதன் என்னும் செய்நிரல் மொழியைக் கொள்வோம். பாடசாலைகளிற் பலரும் பயில்வது அதுவே.

சரம் வேறு, திகதி வேறு

உடன்படிக்கை கைச்சாத்தான அதே நாளிற் பெண்குழந்தையொன்று பிறந்ததென்று வைத்துக்கொள்வோம். அவர் பெட்டியிலுள்ள அத்தாட்சிப் பத்திரத்தில் 1964.10.30 என்றிருக்கும். தோட்டத்துச் சீட்டில் 30-10-64 என்றிருக்கும். பழைய அடையாள அட்டையின் எண் 64804 என்று தொடங்கும். சாதகத்தில் குரோதி வருஷம் ஐப்பசி மாதம் என்றிருக்கும். நம் கண்ணுக்கு இவை யாவும் ஒரே பிறப்பைச் சுட்டுவன. கணினிக்கோ இவை நான்கு வெவ்வேறு எழுத்துக் கோவைகள். இத்தகைய எழுத்துக் கோவையைச் சரம் என்பர். சரத்துக்கு நாள் தெரியாது, மாதம் தெரியாது. அது எழுத்துகளின் வரிசை மாத்திரமே.

இவ்வேறுபாட்டை மறந்தால் வரும் கேடு பெரிது. ஒருவர் 31-01-1950 முதல் இந்நாட்டில் வசிப்பவர் என்க. அவர் 30-10-1964க்கு முன்னரே வந்தவரா என்று செய்நிரல் பார்க்கின்றது. இரண்டையும் சரமாகவே வைத்து ஒப்பிட்டால், கணினி இடப்புறத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும். முதலெழுத்து இரண்டிலும் 3. இரண்டாமெழுத்து ஒன்றில் 1, மற்றதில் 0. எனவே 31-01-1950 என்பதே பெரியது, அதாவது பிந்தியது, என்று கணினி தீர்த்துவிடும். பதினான்கு ஆண்டுகட்கு மேல் முந்தியவர் பிந்தியவராகிப் பட்டியலினின்றும் விழுந்துவிடுவார். பிழைச் செய்தி ஒன்றும் எழாது.

1988ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தமைக்கு இதுவும் ஒரு பயன். நான்கிலக்க ஆண்டும் ஈரிலக்க மாதமும் ஈரிலக்க நாளுமாக 1950-01-31, 1964-10-30 என எழுதினால், எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகின்றன. எனினும் சரத்தைச் சரமாகவே விடாது, திகதி என்னும் தரவு வகையாக மாற்றிக்கொள்ளுதலே முறை. அம்மாற்றம் மூன்று வாயில்களைக் கடந்து நிகழவேண்டும்.

முதல் வாயில்: வடிவம்

பைதன் மொழியில் ஸ்ட்ரிப்டைம் என்றொரு சார்பு உண்டு. அதனிடம் இரண்டு சரங்களைக் கொடுக்கின்றோம். ஒன்று வாசிக்கவேண்டிய திகதி, மற்றது அது எந்த வடிவில் எழுதப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும் அச்சு. அச்சில் விழுக்காட்டுக் குறியை அடுத்து ஆங்கிலச் சிறிய ‘டி’ வந்தால் நாள். சிறிய ‘எம்’ வந்தால் மாதம். பெரிய ‘வை’ வந்தால் நான்கிலக்க ஆண்டு. சிறிய ‘வை’ வந்தால் ஈரிலக்க ஆண்டு. திகதி அச்சிற் பொருந்தாவிடின் சார்பு ‘வால்யூ எரர்’ என்னும் பிழையை எழுப்பி நின்றுவிடும். இங்ஙனம் நிற்பதைக் குறையென எண்ணற்க. அதுவே அதன் சிறப்பு.

அச்சைக் கேளாது தானே ஊகித்து வாசிக்கும் நூலகங்களும் உள. டேட்யூட்டில் என்பது அவற்றுள் ஒன்று. நாம் வேறு கட்டளை இடாவிடின் அது அமெரிக்க வழக்கைப் பின்பற்றி மாதத்தை முன்வைத்து வாசிக்கும். 12/04/1956 என்று கொடுத்தால் திசம்பர் 4 என்று கொள்ளும். 13/04/1956 என்று கொடுத்தால், பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால், தானே முறையை மாற்றி ஏப்ரில் 13 என்று கொள்ளும். ஒரே கணக்கப்பிள்ளை, ஒரே பேனையால், அடுத்தடுத்த நாள்களில் எழுதிய இரு வரிகளுக்கிடையே எட்டு மாத இடைவெளி தோன்றிவிடும். நம் நாட்டுப் பழைய ஏடுகளில் நாளே முன்வரும் என்பதை நாம் அறிவோம்; செய்நிரல் அறியாது. அதை அச்சாக எழுதிக்கொடுத்தல் நம் கடமை.

ஈரிலக்க ஆண்டு இதனினும் கொடிது. தோட்டத்துச் சீட்டிலுள்ள 30-10-64 என்பதைச் சிறிய ‘வை’ கொண்ட அச்சால் வாசித்தால் எந்த ஆண்டு வரும்? போசிக்ஸ் நியமத்தைத் தழுவிப் பைதன் ஒரு விதி வைத்துள்ளது: 69 முதல் 99 வரை இருபதாம் நூற்றாண்டு, 00 முதல் 68 வரை இருபத்தோராம் நூற்றாண்டு. ஆகவே 69 என்பது 1969 ஆகும். 64 என்பதோ 2064 ஆகும்! உடன்படிக்கை நாளிற் பிறந்தவர் இனிமேற்றான் பிறக்கவேண்டியவராகிவிடுகின்றார். இங்கும் பிழைச் செய்தி எழாது. விதி தன் கடமையைச் சரியாகவே செய்தது. இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கல் என்று உலகமே அஞ்சியதன் சிறு வித்து இன்றும் இவ்விதியில் உயிரோடிருக்கின்றது.

இதற்கு மருந்து இரண்டு. பெரிய ‘வை’ கொண்ட அச்சையே பயன்படுத்தினால் ஈரிலக்க ஆண்டு வாயிலிலேயே மறுக்கப்படும். மறுக்காது ஏற்கவேண்டிய நிலை வந்தால், இந்தப் பதிவேடு இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை எழுதப்பட்டது என்று தாளைப் பார்த்தே அறிந்து, நூற்றாண்டை நாமே வெளிப்படையாகச் சேர்த்தல் வேண்டும். மொழி வைத்த விதியிடம் அதனை ஒப்படைத்தல் தகாது.

நம் முன்னோர்க்கும் இச்சிக்கல் புதிதன்று. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்கள் சுழல்கின்றன. குரோதி 1904இல் வந்தது, 1964இல் வந்தது, 2024இலும் வந்தது. குரோதி ஐப்பசியிற் பிறந்தவர் என்றால் தாத்தாவா பேத்தியா என்பது விளங்காது. பழைய தமிழ் நூல்களின் முகப்பிற் பலவிடத்து வருஷப் பெயரோடு கலியாண்டையோ கிறிஸ்து ஆண்டையோ சேர்த்து அச்சிட்டமை இவ்வையம் தீர்க்கவேயாம். ஆண்டில் இரண்டு இலக்கத்தை விட்டவர் நூறாண்டுச் சுழற்சியொன்றைப் புதிதாக உண்டாக்கினார் என்றே கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் வாயில்: நாட்காட்டி

வடிவம் பொருந்திவிட்டதனாலேயே திகதி வலிதாகிவிடாது. 31-02-1965 என்பது வடிவத்திற் குறையற்றது. ஆனால் அப்படியொரு நாள் இல்லை. பைதன் இதனை மறுக்கும். எல்லா மொழியும் அங்ஙனம் செய்வதில்லை. ஜாவா மொழியின் பழைய சிம்பிள் டேட் ஃபார்மாட், நாம் தடுக்காவிடின், மிகுந்த மூன்று நாளை அடுத்த மாதத்திற் சேர்த்து 1965 மார்ச்சு 3 என்று தந்துவிடும். 2014ஆம் ஆண்டில் அம்மொழிக்கு வந்த புதிய திகதி நூலகமும், நாம் வகுக்கும் அச்சுக்குக் கண்டிப்பான முறையை விதியாவிடின், பெப்ரவரி 28 என்று அடக்கிக்கொள்ளும். ஒரே பிழைக்கு இரண்டு ‘திருத்தம்’! எழுதியவர் கருதியது சனவரி 31 ஆகவும் இருக்கலாம், பெப்ரவரி 21 ஆகவும் இருக்கலாம். அறியாததை அறிந்ததுபோல் நிரப்புவது உதவியன்று.

நெட்டாண்டு விதியையும் நினைவிற் கொள்க. நான்கால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. ஆயினும் நூறால் வகுபடுவது நெட்டாண்டன்று. நானூறால் வகுபடுவது மீண்டும் நெட்டாண்டே. ஆகவே 1964உம் 2000உம் நெட்டாண்டுகள், 1900 அன்று. எக்செல் விரிதாள் மட்டும் பழைய லோட்டஸ் 1-2-3 செய்நிரலோடு ஒத்துப்போதற்பொருட்டு 1900 பெப்ரவரி 29 என்னும் இல்லாத நாளை இன்றும் எண்ணுகின்றது.

நம் நாட்டுக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. அது நம் சட்டைப்பையிலேயே இருக்கின்றது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அடையாள அட்டையின் எண்ணில் பிறந்த நாள் பொதிந்துள்ளது. பழைய ஒன்பதிலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டிலக்க எண்ணில் ஆண்டு நான்கிலக்கமாயிற்று. நம் எடுத்துக்காட்டுப் பெண்மணியின் 64804 என்பதில் 500ஐக் கழித்தால் 304. அது ஒக்டோபர் 30.

இவருக்கு மறு ஆண்டு அதே ஒக்டோபர் 30இல் ஒரு தங்கை பிறந்ததாகக் கொண்டால், அவர் எண் 65804 என்று தொடங்கும். 1965 நெட்டாண்டன்று, அவ்வாண்டின் 304ஆம் நாள் ஒக்டோபர் 31. செய்நிரலாளர் நாட்காட்டியை மட்டும் நம்பிக் கணக்கிட்டால் தங்கைக்கு ஒருநாள் பிந்தும். காரணம் என்னவெனில், அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாளாகவே எண்ணப்படுகின்றது. நெட்டாண்டு அல்லாத ஆண்டிலும் மார்ச்சு 1 என்பது 61ஆம் நாளே. ஆதலால் 31, 29, 31, 30 என மாத நாள்களை ஒவ்வொன்றாகக் கழித்து மாதத்தையும் நாளையும் பெறுதல் வேண்டும். பெற்றபின் நாட்காட்டியோடு ஒப்பிடுதல் வேண்டும். நாளெண் 1 முதல் 366க்குள்ளோ, 501 முதல் 866க்குள்ளோ அமையாவிடின் மறுக்க. 1965ஆம் ஆண்டோடு 060 வந்தாலும் மறுக்க. அது இல்லாத பெப்ரவரி 29 ஆகும். மார்ச்சு 1 என்று மாற்றி எழுதற்க.

மூன்றாம் வாயில்: பொருத்தம்

நாட்காட்டியில் உள்ள நாளாயினும் அம்மனிதருக்குப் பொருந்துமா என்று பார்த்தல் வேண்டும். பிறந்த திகதி இன்றைக்குப் பிந்தியதாகலாகாது. இவ்வொரு விதி இருந்திருப்பின் 2064 என்னும் பிழை உடனே அகப்பட்டிருக்கும். பாடசாலையிற் சேர்ந்த நாள் பிறந்த நாளுக்கு முந்தலாகாது. அத்தாட்சிப் பத்திரத்து நாளும் அடையாள அட்டை எண்ணினின்று பெறும் நாளும் மாறுபட்டால் இரண்டையும் காட்டுதல் வேண்டும்.

இவ்வாயிலிலே இரு வகை உண்டு: இயலாதது, அரியது. இயலாததை மறுக்க, அரியதை ஐயக்குறியிட்டு ஏற்க. இவ்விரண்டையும் குழப்பினால் செய்நிரல் கொடுங்கோலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாணவர் சேர்க்கை நடவாது என்று ஒருவர் விதி எழுதினார் எனக் கொள்வோம். இன்றைக்கு அது நியாயமாகத் தோன்றும். ஆனால் 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை நீங்கி, போயா நாள்களே வார விடுமுறையாயிருந்தன என்பதை நம் பழைய மாணவர் பலர் நினைவுகூர்வர். அக்காலத்து ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளை அவ்விதி பொய்யென்று தள்ளிவிடும். வரலாறு அறியாத விதி மெய்யையும் மறுக்கும்.

ஆண்டு மாத்திரம் தெரிந்த முதியோர் பலர் உளர். அவர்க்குச் சனவரி 1 என்று நிரப்புவது எளிது. ஆனால் அது தெரியாத நாளைத் தெரிந்ததாகக் காட்டுவது. ஆண்டைத் தனியே எழுதி, மாதமும் நாளும் அறியப்படவில்லை என்று குறித்தலே நேர்மை.

மறுத்தபின் செய்வது யாது?

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் உழைப்பைத் தமிழுலகம் அறியும். ஏட்டிற் கண்ட வேறுபாடுகளை மறைத்துவிடாது, பாடபேதமெனக் குறித்து வைத்தமை ஐயர் பதிப்புகளின் பெருமைகளுள் ஒன்று. பின் வருவோர் மீண்டும் ஆராய அது வழிவிட்டது. திகதியைக் கணினியில் ஏற்றுவோரும் பதிப்பாசிரியரே. அவர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கு இது:

1. தாளில் உள்ளதை உள்ளபடியே ஒரு நிரலில் எழுதுக. அதனை ஒருபோதும் மாற்றற்க.
2. அத்தாளுக்குரிய அச்சைக் கொண்டு வாசித்துப் பெற்ற திகதியை ஆண்டு, மாதம், நாள் வரிசையில் அடுத்த நிரலில் வைக்க.
3. வாசிக்க இயலாவிடின் அந்நிரலை வெறுமையாக விடுக. எந்த வாயிலில் நின்றது என்பதை மூன்றாம் நிரலில் எழுதுக.
4. நின்றவற்றை மனிதர் ஒருவர் தாளோடு ஒப்பிட்டுத் தீர்க்க. தீர்த்தவர் யார், எப்போது என்பதையும் குறிக்க.
5. நாள் மட்டும் வேண்டியவிடத்து நேரத்தை ஒட்டவையற்க.

ஐந்தாவதற்குக் காரணம் கூறுவாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 1964-10-30 என்னும் சரத்தைத் திகதியாக்கினால், அது கிரீனிச் வழிவந்த உலகப் பொது நேரத்தின்படி அந்நாளின் நள்ளிரவு என்று கொள்ளப்படும். நோட்டன் பிரிட்ஜிலுள்ள கணினித் திரையில் 30 என்றே தோன்றும். டொரொன்டோவிலிருந்து அதே பதிவைப் பார்க்கும் பழைய மாணவருக்கோ அங்கு இன்னும் முந்தின மாலை. எனவே திரையில் 29 தோன்றும். பிறந்த நாள் கடல் கடந்தால் மாறலாகாதன்றோ?

செய்நிரலை முடித்ததும் 30-10-1964, 30-10-64, 31-02-1965, 29-02-1900, 29-02-2000 ஆகிய ஐந்து சரங்களையும் மாணவர் கொடுத்துப் பார்க்க. முதலாவதும் ஈற்றிலுள்ளதும் மாத்திரமே உட்செல்லுதல் வேண்டும். ஏனைய மூன்றும் காரணத்தோடு நிற்றல் வேண்டும். காரணமும் தெளிவாயிருக்கட்டும். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லும் செய்நிரல், படிக்கத் தெரியாதவர் மனுவைத் திருப்பி எறியும் எழுதுவினைஞரை ஒக்கும். ‘1965ஆம் ஆண்டில் பெப்ரவரிக்கு 28 நாள்களே, தாளை மீண்டும் பார்க்கவும்’ என்று சொல்வது அவரை இருத்திப் பேசுவதாகும்.

எழுதியதை ஏற்பதும் மறுப்பதுமாகிய இரண்டே கணினிக்கு உரியவை. எழுதாததைப் புனைவது அதற்கு உரியதன்று. தகரப் பெட்டியைத் திறந்து நம்முன் வைப்பவர் தம் பெற்றோர் காத்துவைத்த நாளையே நம்மிடம் ஒப்படைக்கின்றார். அதனை வாங்கிய வண்ணமே திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவரே இத்தொழிலுக்கு உரியவர்.